இரண்டு கிளாஸ், ஒரு துண்டுக் காகிதம்: மலிவு ஒயினைச் சுவைத்து மதிப்பெண் போடுவது எப்படி

ஒயின் சுவைக்கக் கற்றுக்கொள்ளக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பாட்டிலோடு தொடங்குகிறார்கள். சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது. தனியாக ஒன்றை வாயில் விட்டால் 'நல்லா இருக்கு', 'புளிக்குது' என்ற இரண்டைத் தாண்டி எதுவும் சொல்ல வராது. நம் நாக்குக்கு இதெல்லாம் எட்டாது என்று அத்தோடு விட்டுவிடுவார்கள். நாக்கின் மேல் குற்றமில்லை. ஒற்றை ஸ்வரத்தை வாசித்துக் காட்டி இது ரிஷபமா காந்தாரமா என்று கேட்டால், தேர்ந்த வித்வானும் 'சட்ஜம் எது?' என்றுதான் முதலில் கேட்பார். சுவைக்கும் அப்படி ஓர் ஆதார சுருதி வேண்டும்.

அதனால் இரண்டு பாட்டில். ஏறக்குறைய ஒரே விலை, ஒரே ஆண்டு, ஒரு விஷயத்தில் மட்டும் வேறுபாடு. ஒன்று சோவினியோன் பிளாங்க், இன்னொன்று ஷார்டொனே என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் வெள்ளை ஒயின் தரும் திராட்சை ரகங்கள். அருகருகே ஊற்றி மாற்றி மாற்றி முகர்ந்து பார்த்தால் அதுவரை வராத சொற்கள் தாமாக வரும். இது கூர்மை, அது வழவழப்பு. இதில் கசக்கிய பச்சை இலை, அதில் வெண்ணெய். இது வாயை ஊறவைக்கிறது, அது வாயை நிரப்புகிறது. ஒயின் சுவைக்கும் கலை என்று சொல்லப்படுவது முக்கால்வாசி இந்த ஒப்பீடுதான். மீதிக் கால்வாசி, கண்டதைக் காகிதத்தில் எழுதிவைப்பது.

மலிவு எங்கிருந்து வருகிறது

ஒரு பாட்டில் 750 மி.லி. அதற்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் திராட்சை போதும். அந்தத் திராட்சை எப்படி விளைந்தது, யார் பறித்தார்கள், சாறு எதில் கிடந்தது, லேபிளில் எந்த ஊர்ப் பெயர் இருக்கிறது என்பவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன. சமவெளியில், நல்ல வெயிலில், பெரிய தோட்டமாகப் போட்டு இயந்திரத்தால் அறுவடை செய்தால் செலவு குறையும். செங்குத்தான மலைச்சரிவில் ஆள் ஏறிக் கையால் பறித்தால் கூடும். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரைச் சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது மரம். பிரான்சின் பொர்தோ ஒயின் பகுதியின் பாணியில் செய்த ஓக் பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும், அதாவது 300 பாட்டில். புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் விலை அதிகம், சில வருடங்களில் அதன் மணமும் தீர்ந்துவிடும். மலிவு ஒயின் செய்பவர் பீப்பாய்க்குப் பதிலாக எஃகுத் தொட்டியில் ஓக் சில்லுகளைப் போட்டு ஊறவைப்பார், அல்லது மரமே வேண்டாம் என்று விட்டுவிடுவார். கற்றுக்கொள்கிறவருக்கு இந்த இரண்டாவது வகைதான் வரம். மரத்தின் வெண்ணிலா வாசமும் பல வருட முதிர்ச்சியும் மேலே படியாததால் திராட்சையின் முகம் நேராகத் தெரிகிறது. விலை உயர்ந்த ஒயினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகள் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் கையில் செய்யுளைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஆனால் அடிமட்ட விலையில் இருப்பதை எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். கண்ணாடி பாட்டில், மூடி, லேபிள், போக்குவரத்து, வரி இவற்றில் பெரும்பகுதி மலிவு ஒயினுக்கும் நல்ல ஒயினுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகக் குறைந்த விலை பாட்டிலில் இதெல்லாம் கழிந்தபின் உள்ளே இருக்கும் திரவத்துக்கென்று மிஞ்சுவது சொற்பம். அதைவிட ஒரு படி மேலே போனால், கூடுதலாகக் கொடுத்த பணத்தில் கணிசமான பங்கு திராட்சைக்குப் போகிறது. ஏணியின் எந்தப் படியையும்விட இந்த முதல் படி ஏறும்போதுதான் வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

வாய்க்குள் என்ன நடக்கிறது

முதலில் இனிப்பு. ஈஸ்ட் திராட்சையின் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துபோனால் அது 'ட்ரை' ஒயின். ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் வரை, புளிப்பு தூக்கலாக இருந்தால் 9 கிராம் வரை அந்தப் பெயர் செல்லும். புதியவர்கள் இங்கே தவறாமல் ஏமாறுகிறார்கள். பழ மணம் பலமாக வந்தால் மூளை அதை இனிப்பு என்று எழுதிக்கொள்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அப்போதும் இனித்தால்தான் அது சர்க்கரை. இன்னொரு பக்கம், 'ட்ரை' என்று எல்லோரும் நினைத்துக் குடிக்கும் மலிவுச் சிவப்பு ஒயின்கள் சிலவற்றில் சர்க்கரையை வேண்டுமென்றே கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பார்கள். கரடுமுரடை மறைக்க அது சுலபமான வழி.

புளிப்பை அளக்க எளிய வழி எச்சில். விழுங்கியபின் வாயின் இரு ஓரங்களிலும் எவ்வளவு நீர் சுரக்கிறது என்று கவனித்தால் போதும். குளிர்ப் பகுதிகளில் விளையும் திராட்சையில் புளிப்பு தங்கும், வெயில் அதிகமானால் கரைந்துபோகும். புளிப்பே இல்லாத ஒயின் சப்பென்று கிடக்கும். 'கனமா இருக்கு, ஆனா இன்னொரு கிளாஸ் வேண்டாம்' என்று தோன்றினால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

துவர்ப்பு விஷயத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. மற்ற பல மொழிக்காரர்களுக்கு டானின் என்ற வேதிப்பொருளைச் சொல்லி, அது வாயை உலர்த்தும் உணர்வு என்று சுற்றிவளைத்து விளக்க வேண்டியிருக்கிறது. நாம் அறுசுவையில் ஒன்றாகவே அதை எண்ணிவைத்திருக்கிறோம். திராட்சையின் தோல், விதை, காம்பு, ஓக் மரம் இவற்றிலிருந்து டானின் வருகிறது. எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வழுக்கல் போய், நாக்கும் ஈறும் சொரசொரக்கின்றன. பால் சேர்க்காத கடுந்தேநீரை ஆறவிட்டுக் குடித்தால் இருக்குமே, அதே. சிவப்பு ஒயினில் இது கூடுதல், ஏனென்றால் அது தோலோடு சேர்ந்து நொதிக்கிறது. பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளுக்கும் சாறு வெளிறித்தான் இருக்கும், நிறம் முழுக்கத் தோலின் கொடை. துவர்ப்பு இருக்கிறதா என்பதோடு நிற்காமல், எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மாவு போல நைசாக இருக்கலாம், உப்புத்தாள் தேய்த்த மாதிரியும் இருக்கலாம். மலிவுச் சிவப்பில் பிழை பிடிக்க முதலில் போக வேண்டிய இடம் இது.

ஆல்கஹால் தொண்டையில் சூடாகத் தெரியும். மேசை ஒயின்களில் பெரும்பாலும் 11 முதல் 15 சதவீதம் வரை. கனம் என்பது வாயில் திரவம் எவ்வளவு எடையாக உட்காருகிறது என்பது, தண்ணீருக்கும் பாலுக்கும் உள்ள வேறுபாடு போல. கிளாஸைச் சுழற்றியபின் உட்சுவரில் கோடு கோடாக வழிவதைப் பார்த்து 'தரமான ஒயின்' என்று சிலர் தலையாட்டுவார்கள். ஆல்கஹாலும் தண்ணீரும் வெவ்வேறு வேகத்தில் ஆவியாவதால், பரப்பு இழுவிசை மாறி வரும் கோடுகள் அவை. தரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மூக்குதான் முதலாளி

சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு மணம். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். சுழற்றுவதற்கும் மணம் தேங்குவதற்கும் மேலே இடம் வேண்டும். முதலில் சுழற்றாமல் ஒருமுறை, பிறகு சுழற்றி ஒருமுறை முகருங்கள். வாயில் வைத்துக்கொண்டு உதட்டைக் குவித்துச் சற்றே காற்றை உள்ளே இழுத்தால் தொண்டையின் பின்பக்கமாக மணம் மூக்குக்கு ஏறும். சத்தம் வரத்தான் செய்யும். கூச்சப்பட்டால் பாதி ஒயின் வீண். நாலைந்து முறை முகர்ந்ததும் மூக்கு மரத்துப்போகும். அப்போது உங்கள் சட்டைக் கையை முகர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பும். இதைத் தொழில்முறைச் சுவைஞர்களே செய்கிறார்கள்.

ஒயினில் மிளகு வாசம், ரோஜா வாசம் என்று எழுதுவதைப் பார்த்தால் கவிதை மாதிரித் தோன்றும். பல இடங்களில் அது வேதியியல். சிரா ரகத்தில் வரும் மிளகு மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் அடையாளம் காட்டினார்கள். உண்மையான மிளகிலும் இருப்பது அதேதான். சுமார் ஐந்தில் ஒருவருக்கு அது தெரிவதே இல்லை என்பது அவர்கள் சொன்ன இன்னொரு சேதி. ஆகவே பக்கத்தில் இருப்பவர் 'மிளகு மிளகு' என்கிறார், உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். கெவுர்ட்ஸ்ட்ராமினர் ரகத்தின் லிச்சிப்பழ வாசம் லிச்சிப்பழத்திலும் இருக்கும் ரோஸ் ஆக்சைடால் வருகிறது. கபர்னே சோவினியோனிலும் சோவினியோன் பிளாங்கிலும் தட்டுப்படும் பச்சைக் குடைமிளகாய் வாசத்துக்குப் பைரசின்கள் என்ற வேதிப்பொருட்கள் காரணம். இரண்டு ரகத்திலும் ஒரே வாசம் வருவதில் வியப்பில்லை. கபர்னே சோவினியோன் என்பது கபர்னே பிராங்குக்கும் சோவினியோன் பிளாங்குக்கும் பிறந்த பிள்ளை என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 1990-களில் மரபணுச் சோதனை காட்டியது. ரகத்தின் பெயரிலேயே பெற்றோர் பெயர் இருந்தும் அதற்குமுன் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

வெண்ணெய் மணம் திராட்சையில் இல்லை. கூரான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் மிருதுவான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது டைஅசெட்டில் என்ற உபபொருள் வருகிறது. வெண்ணெயிலும் அது இருக்கிறது. சிவப்பு ஒயின்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இந்த மாற்றம் நடக்கும். வெள்ளையில் செய்பவரின் விருப்பம். ஷார்டொனேயில் அதிகம் விரும்புவார்கள், ரீஸ்லிங்கில் பெரும்பாலும் தடுத்துவிடுவார்கள்.

டேவிஸில் வேலை செய்த ஆன் நோபிள் 1984-இல் மணச் சக்கரம் ஒன்றை வெளியிட்டார். நடுவில் 'பழம்', 'பூ', 'மசாலா' என்று பொதுவாகத் தொடங்கி வெளிவட்டத்துக்குப் போகப் போகக் குறிப்பாகும் அமைப்பு. அதன் பயன் அந்த ஒழுங்கில் இருக்கிறது. முதலில் 'ஏதோ பழம்', பிறகு 'புளிப்புப் பழம்', பிறகு 'எலுமிச்சைத் தோல்' என்று இறங்குங்கள். வெளிவட்டத்தில் உள்ள சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வாழ்க்கையில் ஒருமுறையும் முகர்ந்திராத பழத்தின் பெயரைப் பார்த்து எழுதினால், அடுத்த மாதம் அந்தக் குறிப்பு உங்களுக்கே புரியாது. மழை விழுந்த மண், புதுப் புத்தகம், ஈர மரம், எதுவானாலும் உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள். குறிப்பைப் படிக்கப்போவது நீங்கள்தான்.

ஜோடி ஜோடியாக

ஒரே ரகத்தை இரண்டு நாடுகளிலிருந்து எடுத்து ஒப்பிடுவதைப் போல மண்ணையும் வெயிலையும் கற்றுத்தரும் பாடம் வேறில்லை. எனக்குப் பிடித்த ஜோடி மால்பெக். பிரான்சின் தென்மேற்கில் காஓர் பகுதியின் பழைய ரகம் இது. 1853-இல் மிஷேல் பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் நிபுணர் பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகளை அர்ஜென்டினாவுக்குக் கொண்டுபோனதில் அதுவும் ஒன்று. ஆண்டிஸ் மலையடிவாரத்தில் மென்டோசா மாகாணத்தில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டரை ஒட்டியும் அதற்கு மேலும் தோட்டங்கள். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர், மழை மிகக் குறைவு, மலைப் பனி உருகி வரும் நீரில் பாசனம். வெயில் பழத்தைக் கனியவைக்கிறது, இரவுக் குளிர் புளிப்பைக் காக்கிறது. மென்டோசா மால்பெக் கறுப்பு நாவல்பழ நிறத்தில் வழவழவென்று இருக்கும். காஓர் மால்பெக் அதே நிறத்தில் துவர்த்து முறைக்கும். ஒரு தாய் பெற்ற இரண்டு பிள்ளைகளில் ஒன்று விருந்தினரைக் கண்டதும் ஓடிவந்து மடியில் உட்காரும், மற்றது தூணுக்குப் பின்னால் நின்று பார்க்கும். அது மாதிரி.

சிரா, ஷிராஸ் இரண்டும் ஒரே ரகம். பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் முதல் பெயர், ஆஸ்திரேலியாவில் இரண்டாவது. ஜேம்ஸ் பஸ்பி 1832-இல் ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன கொடிகளில் இதுவும் இருந்தது. வடக்கு ரோன் பாட்டிலில் மிளகும் புகையும், ஆஸ்திரேலியாவின் வெப்பப் பகுதி பாட்டிலில் பழக்கூழும் சூடும். லேபிளில் எந்தப் பெயரைப் போடுகிறார்கள் என்பதே இப்போது ஒரு ஜாடையாகிவிட்டது. வேறு நாட்டுக்காரர் 'சிரா' என்று போட்டால் பிரெஞ்சு மாதிரி செய்ய முயன்றிருக்கிறார் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

சிலி நாட்டின் மெர்லோவையும் கார்மெனேரையும் சேர்த்து வைத்துக் குடிப்பது ஒரு சரித்திரப் பாடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொர்தோவிலிருந்து சிலிக்குப் போன கொடிகளில் இரண்டும் கலந்திருந்தன. அதன்பின் வேரைத் தின்னும் பிலாக்சரா பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. பொர்தோவில் கார்மெனேர் ஏறக்குறைய மறைந்தே போனது. சிலியிலோ அது மெர்லோ என்ற பெயரில் நூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்தது. 1994-இல் ழான்-மிஷேல் புர்சிகோ என்ற பிரெஞ்சு நிபுணர் சிலித் தோட்டமொன்றில் கொடியைப் பார்த்து 'இது மெர்லோ இல்லை' என்றார். கார்மெனேர் மெர்லோவைவிடச் சில வாரங்கள் தாமதமாகப் பழுக்கும். இரண்டையும் ஒரே நாளில் பறித்தால் ஒன்று காயாகத்தான் இருக்கும். அந்தக் காலத்து 'சிலி மெர்லோ'வில் இருந்த பச்சை வாசத்துக்கு இதுவே காரணம். இப்போது தனித்தனியாகப் பறிக்கிறார்கள். நன்கு பழுக்கவிட்ட கார்மெனேர் கறுத்த பழமும் லேசான குடைமிளகாயுமாக இருக்கும். அந்த மணம் பிடிக்காதவர்களுக்கு எவ்வளவு விளக்கினாலும் பிடிக்காது.

வெள்ளையில் செனின் பிளாங்க். பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில் பிறந்து, தென்னாப்பிரிக்காவில் வேறெங்கும் இல்லாத அளவுக்குப் பரவிய ரகம். பழைய கொடிகள் அங்கே நிறைய நின்றுவிட்டதால், கொடுத்த காசுக்கு நல்ல சாறு கிடைக்கும் இடங்களில் ஒன்று. சோவினியோன் பிளாங்க் ஜோடிக்கு நியூசிலாந்தின் மார்ல்பரோவையும் லுவாரையும் எடுக்கலாம். மார்ல்பரோவில் வணிக அளவில் திராட்சை நட்டதே 1973-இல்தான், ஆனாலும் உரத்த குரல் அதற்குத்தான்.

பெயர் விளங்காத ஊர்களைத் தேடிப் போங்கள் என்பது மலிவு ஒயினுக்கு நான் சொல்லும் ஒரே சூத்திரம். புகழ்பெற்ற கிராமத்தின் பெயருக்கும் நாம் காசு கொடுக்கிறோம். கார்னாச்சா என்ற சிவப்பு ஒயின் ரகம் ஸ்பெயினின் காலத்தாயுட், காம்போ தே போர்கா பகுதிகளிலிருந்து வந்தால் அந்தப் பெயர்ச்செலவு இல்லை. நுரைக்கும் ஒயினில் ஷாம்பெய்னுக்குப் பதில் ஸ்பெயினின் காவா. அதிலும் இரண்டாம் நொதித்தல் பாட்டிலுக்குள்ளேயேதான் நடக்கிறது.

லேபிளைப் படிப்பதில் ஒரு குழப்பம் தவிர்க்க முடியாதது. ஐரோப்பாவில் பெரும்பாலும் ஊர்ப் பெயர், மற்ற இடங்களில் ரகத்தின் பெயர். பிரான்சின் பர்கண்டிப் பகுதிச் சிவப்பு என்றால் பினோ நுவார் ரகம், வெள்ளை என்றால் பெரும்பாலும் ஷார்டொனே என்று நாமே தெரிந்துவைத்திருக்க வேண்டும். இத்தாலிக்காரர்கள் இதையும் மிஞ்சுவார்கள். 'மோன்டெபுல்சியானோ தாப்ருத்சோ' என்பதில் மோன்டெபுல்சியானோ ரகத்தின் பெயர். 'வீனோ நோபிலே தி மோன்டெபுல்சியானோ' என்பதில் அது டஸ்கனியில் உள்ள ஓர் ஊர், உள்ளே இருக்கும் முக்கிய ரகம் சாஞ்சியோவேசே. ரகத்தின் பெயர் போட்டிருந்தாலும் முழுக்க அதுவே என்று எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 85 சதவீதம், அமெரிக்காவில் பொதுவாக 75 சதவீதம் அந்த ரகம் இருந்தால் பெயர் போட்டுக்கொள்ளலாம்.

கண்ணை நம்பாதே

மதிப்பெண் போடும் முன் பாட்டிலை மறைக்க வேண்டும். காகிதப் பையில் நுழைத்து எண் எழுதினால் போதும். இதைச் செய்யாமல் போட்ட மதிப்பெண் லேபிளுக்குப் போட்டது. 2001-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், பொர்தோவில் ஒயின் தயாரிப்பு படித்த 54 மாணவர்களிடம் வாசமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதை வர்ணிக்கச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களைப் பயன்படுத்தினார்கள். 2008-இல் வெளியான இன்னோர் ஆய்வில், விலை அதிகம் என்று சொல்லிக் கொடுத்தபோது அதே ஒயின் அதிகம் பிடித்திருக்கிறது என்றார்கள். வாய்வார்த்தையாக மட்டும் இல்லை, இன்பத்தை உணரும் மூளைப்பகுதியும் கூடுதலாகத் துலங்கியது. அதே ஆண்டில் வந்த மூன்றாவது, 6,000-க்கும் மேற்பட்ட மறைவுச் சுவைப்புகளைத் தொகுத்தது. பயிற்சி இல்லாத சாதாரண மக்கள், விலை தெரியாதபோது, விலை உயர்ந்ததைச் சற்றுக் குறைவாகவே ரசித்தார்கள்.

போட்டி நடுவர்கள் மட்டும் மேல் என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவின் மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ராபர்ட் ஹாட்சன், ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை கொடுத்துப் பார்த்தார். ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் மூன்று தடவையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பெண் போட்டார்.

என் கதையும் அதுதான். ஒரு வெள்ளை ஒயினுக்கு 20-க்கு 16 போட்டு, பக்கம் முழுக்கப் புகழ்ந்து எழுதியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து அதே ஒயின் பைக்குள் மறைந்து வந்தபோது 12 போட்டு 'புளிப்பு முரட்டுத்தனம்' என்று எழுதிவைத்தேன். அன்றைக்கு அதற்கு முன்னால் இனிப்பு ஒயின் ஒன்றைக் குடித்திருந்தேன். இனிப்புக்குப் பின்னால் எது வந்தாலும் புளிக்கும். அன்றிலிருந்து வரிசை: வெள்ளைக்குப் பின் சிவப்பு, மெல்லியதற்குப் பின் கனமானது, இனிப்பு எப்போதும் கடைசி.

மதிப்பெண்

உலகில் அதிகம் புழங்குவது 100 மதிப்பெண் முறை. 1978-இல் தன் இதழைத் தொடங்கிய அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அதைப் பிரபலமாக்கினார். அதில் 50-தான் தொடக்கம், வெறுமனே கலந்துகொண்டதற்கே அவ்வளவு. நடைமுறையில் கடைக்கு வரும் எதுவும் 80-க்குக் கீழே அறிவிக்கப்படுவதைப் பார்ப்பது அரிது. ஆக 88-க்கும் 89-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்படுவது வீண் வேலை. இதைவிடப் பழையது டேவிஸ் பல்கலைக்கழகத்தின் 20 மதிப்பெண் அட்டை, 1959-ஐச் சேர்ந்தது. தெளிவு, நிறம், மணம், புளிப்பு, துவர்ப்பு என்று பிரித்துப் போடுவார்கள். குறை கண்டுபிடிக்க நல்ல கருவி. அழகைக் கண்டுபிடிக்க அவ்வளவு உதவாது.

சுவைஞர்கள் தரம் என்று பேசும்போது பெரும்பாலும் நான்கைப் பார்க்கிறார்கள். சமன், அதாவது இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, சூடு இவற்றில் எதுவும் தனித்துத் துருத்தாமல் இருப்பது. நீளம், விழுங்கியபின் சுவை எத்தனை நொடி தங்குகிறது என்பது. அழுத்தம், மணம் தேடிவருகிறதா அல்லது தேட வேண்டியிருக்கிறதா என்பது. கடைசியாக அடுக்கு, முகர முகரப் புதிதாக ஏதேனும் வருகிறதா என்பது. மலிவு ஒயினில் இந்தக் கடைசியைக் கேட்பது நியாயமில்லை. ஆத்திசூடியில் காப்பியச் சுவை தேடக் கூடாது. ஆனால் சமனுக்குச் சலுகை கிடையாது. சமனுக்கு அதிகச் செலவு ஆவதில்லை, கவனம்தான் வேண்டும்.

அதனால் என் காகிதத்தில் 20 இப்படிப் பிரியும். சுத்தத்துக்கு 4, மணத்துக்கு 4, சமனுக்கு 6, நீளத்துக்கு 3, ரகத்தின் அடையாளம் தெரிவதற்கு 3. நீளத்தை மனதுக்குள் எண்ணுங்கள். ஐந்து நொடிக்குள் மறைந்தால் 1, பத்து வரை தங்கினால் 2, பத்தைத் தாண்டினால் 3. இது என் அளவுகோல், சட்டம் ஒன்றும் இல்லை. முக்கியமானது அதற்குப் பக்கத்தில் உள்ள தனிக் கட்டம். 'இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொள்வேனா?' என்பதற்கு ஆம், இல்லை மட்டும். தரமும் விருப்பமும் வேறு வேறு என்று தெரிய இந்தக் கட்டம் வேண்டும். காஓர் மால்பெக் என்னிடம் 16 வாங்கிக்கொண்டு 'இல்லை' என்று நிற்கும். 13 வாங்கிய ஏதோ ஒரு கார்னாச்சாவுக்கு 'ஆம்' போட்டிருப்பேன். இரண்டும் பொய் இல்லை.

மாதிரிக்கு ஒரு மென்டோசா மால்பெக் குறிப்பு: 'பை எண் 3. ஊதாக் கறுப்பு. சுழற்றாமலே பழம் வருகிறது, சுழற்றினால் லேசாக வெண்ணிலா, ஓக் சில்லாக இருக்கலாம். முதல் வாய் மிருது, நடுவில் காலி. துவர்ப்பு நைசு. தொண்டையில் சூடு கொஞ்சம் தூக்கல். எட்டு நொடி. சுத்தம் 4, மணம் 3, சமன் 4, நீளம் 2, அடையாளம் 2. மொத்தம் 15. இன்னொரு கிளாஸ்: ஆம், சற்றுக் குளிரவைத்து.' கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். வெப்பநிலை மாறினால் மதிப்பெண் மாறும். வெள்ளைக்கு 8 முதல் 12 டிகிரி செல்சியஸ், சிவப்புக்கு 15 முதல் 18 வரை. சூடான சிவப்பில் ஆல்கஹால் முன்னால் வந்து நிற்கும். உறையக் குளிர்ந்த வெள்ளையில் மணம் செத்துவிடும். மோசமான வெள்ளையைக் காப்பாற்றவும் அதுவே வழி.

சுத்தத்துக்கு 4 ஏன் வைத்தேன் என்றால், கெட்டுப்போன பாட்டிலை 'எனக்குப் புரியாத நுட்பம்' என்று நினைத்து மரியாதையோடு குடிப்பவர்கள் நிறைய. ஈர அட்டைப்பெட்டி நெடி வந்தால் கார்க்கிலிருந்து டிசிஏ என்ற பொருள் இறங்கியிருக்கிறது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஒயின் போய்விட்டது. திருகு மூடி போட்ட பாட்டில்களில் இது மிக அரிது. வினிகரும் நகப்பூச்சு நீக்கியும் கலந்த மாதிரி அடித்தால் அசெட்டிக் அமிலம் எகிறியிருக்கிறது. பழுப்பேறி, வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிள் வாசம் வந்தால் காற்றுப் பட்டிருக்கிறது. தீக்குச்சி கொளுத்திய நெடி மட்டும் பல சமயம் பத்து நிமிடம் கிளாஸில் விட்டால் போய்விடும், அவசரப்பட்டு 0 போட வேண்டாம். அடியில் கண்ணாடித் துகள் போல மின்னுவது டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகம், குறையே இல்லை.

ஒரு அமர்வில் நான்கு, மிஞ்சினால் ஆறு. கிளாஸுக்கு 50 மி.லி. போதும், ஒரு பாட்டிலில் பதினைந்து பேர் சுவைக்கலாம். துப்ப ஒரு பாத்திரம் கட்டாயம் வையுங்கள். தொழில்முறைச் சுவைஞர்கள் எல்லோரும் துப்புகிறார்கள், மூன்றாவது கிளாஸை விழுங்கியவர் நான்காவதற்குப் போடும் மதிப்பெண்ணை நம்ப முடியாது என்பதால். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லியிருக்கிறது, அதற்கும் இந்தப் பாத்திரமே பதில். மிச்சத்தை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் திரும்பச் சுவைத்து மதிப்பெண் போடுங்கள். முதல் நாள் எண்ணைப் பார்க்காமல்.

சில மாதம் எழுதியபின் உங்கள் காகிதத்தையே சோதிக்க ஒரு வழி உண்டு. இதுவரை இரண்டு கிளாஸ் வைத்தோம், இப்போது மூன்று. ஒரே மாதிரி எண் வாங்காத இரண்டு ஒயின்களை, 13 வாங்கியதையும் 15 வாங்கியதையும், எடுங்கள். நீங்கள் பார்க்காதபோது வேறொருவர் இரண்டு கிளாஸில் ஒன்றையும் மூன்றாவதில் மற்றதையும் ஊற்றட்டும். ஒற்றை எது என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருமுறை சரியாகிவிடும் என்பதால் ஆறேழு முறை செய்யுங்கள். பெரும்பாலும் சரியாக வந்தால் அந்த இரண்டு எண்களும் நிற்கட்டும். வராவிட்டால் பழைய பக்கத்தைப் புரட்டி இரண்டுக்கும் நேராக 14 என்று எழுதிவிடுங்கள்.